மோட்டாருக்கும் பேதி மருந்து!

சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தின் பெருமையைப் பற்றித் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே போல, ஆறு மாதத்துக்கு ஒரு முறை குழந்தைகளைப் பிடித்து மடியில் கிடத்தி, மூக்கைப் பொத்தி, ஒரு பாலாடை விளக்கெண்ணெய் புகட்டிய காலத்தையும் நமது வயதை ஒத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தைக்கு உடம்பு ஏதாவது செய்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. ஆறு மாதம் ஆகிவிட்டது. ஆகையால் பேதிக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வயிற்றைச் சுத்தம் செய்வதில் தவறு என்ன இருக்க முடியும் என்பது பாட்டிமார்களின் சித்தாந்தம். வைத்தியர்கள் அந்த வழக்கத்தைக் கண்டிக்க ஆரம்பித்த பிறகு பாலாடை பரணில் ஏறிவிட்டது. ஆனால் சித்தாந்தம் மட்டும் அழிந்து போகவில்லை. அது வீட்டை விட்டு வெளியேறி, மோட்டார் பட்டறையில் போய்ச் சௌக்கியமாக உட்கார்ந்து கொண்டிருக்கிறது.

நம்மிடம் ஒரு சிறிய பெட்ரோல் வண்டி இருக்கிறது. அதற்கு வயது ஏழு. பெரிய நோய் நொடி எதுவும் அதற்கு வந்ததில்லை. சென்ற முறை ஆயில் மாற்றுவதற்காக அதை ஒரு பட்டறைக்குக் கொண்டு போயிருந்தோம். மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞர் வெகு மரியாதையாக ஒரு ஜாபிதாவை நீட்டினார். அதில் நாம் கேட்ட ஆயிலும் பில்டரும் இருந்தன. அவற்றுக்குக் கீழே நாம் கேளாத மூன்று சரக்குகளும் இருந்தன. பழைய ஆயிலுடன் கலந்து ஓட விட்டு எஞ்சினைக் கழுவுவதற்கு ஒரு புட்டி. அதற்கு 'எஞ்சின் பிளஷ்' என்று பெயர். புது ஆயிலுடன் கலப்பதற்கு இன்னொரு புட்டி. பெட்ரோல் டாங்கியில் ஊற்றுவதற்கு மூன்றாவது புட்டி. மூன்றுக்கும் சேர்த்து ரூ.2,100.

"எஞ்சினுக்கு என்ன கோளாறு?" என்று கேட்டோம்.

"கோளாறு ஒன்றும் இல்லை, ஸார். கோளாறு வராமல் இருப்பதற்குத்தான் இது" என்றார் இளைஞர்.

"இதுவரையில் இந்த மருந்து கொடுக்காமலேயே நன்றாகத்தானே ஓடியிருக்கிறது?"

"அதனால்தான் ஸார், உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கும். ஆயிலைப் பாருங்கள், எவ்வளவு கறுப்பு!" என்று சொல்லி, அளவுக் கம்பியை எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார்.

துணி கறுப்பாகத்தான் ஆயிற்று. அதை மறுப்பதற்கில்லை. அந்தக் கறுப்புக்கு முன்னால் எத்தனையோ கெட்டிக்காரர்கள் வாயடைத்துப் போய்ப் பணத்தை எண்ணி வைத்திருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஆகையால், அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே பார்த்து விடலாம்.

மோட்டார் ஆயில் என்று நாம் வாங்குகிற டப்பாவில் இருப்பது வெறும் எண்ணெய் அல்ல. பெரும் பகுதி அடிப்படை எண்ணெய். மீதி, வகைக்குத் தகுந்தபடி சுமார் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரையில், ரசாயனச் சரக்குகள். அவற்றில் ஒன்று கால்ஷியம் அல்லது மக்னீஷியம் சேர்ந்த சோப்பு மாதிரியான பொருள். சூடான பிஸ்டனில் படியும் பிசினைக் கழுவுவதும், பெட்ரோல் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிப்பதும் அதன் வேலை. இன்னொன்று, புகைக்கரித் துணுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகி விடாதபடி ஒவ்வொன்றையும் தனித் தனியே சுற்றி வளைத்து, ஆயிலிலேயே மிதக்க வைக்கிறது. துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மூன்றாவது சரக்கு, இரும்போடு இரும்பு உராயும் இடங்களில் ஒரு மெல்லிய ஏடு போலப் படிந்து தேய்மானத்தைத் தடுக்கிறது. நுரை கட்டாமல் இருக்க ஒன்று, காற்றுப் பட்டுக் கெடாமல் இருக்க ஒன்று, இப்படி இன்னும் சில உண்டு. சுருங்கச் சொன்னால், நல்லெண்ணெயும் சீயக்காயும் ஒரே டப்பாவில் வருகின்றன. எஞ்சின் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் அதற்கு ஸ்நானம் நடந்து கொண்டேயிருக்கிறது. தேய்த்துக் குளித்த பிறகு தண்ணீர் கலங்கியிருந்தால், "ஐயோ, தண்ணீர் அழுக்காகி விட்டதே!" என்று யாராவது வருத்தப்படுவார்களா? உடம்பில் இருந்த அழுக்கு தண்ணீரில் வந்து விட்டது என்றல்லவா சந்தோஷப்படுவார்கள்! ஆயில் கறுப்பதும் அப்படித்தான். டீஸல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நூறு கிலோ மீட்டருக்குள்ளேயே மை மாதிரி ஆகி விடும். அதன் வேலையை அது செய்கிறது என்பதற்கு அது அடையாளமே தவிர, எஞ்சினுக்கு நோய் என்பதற்கு அல்ல.

இந்தச் சீயக்காய் ஆயிலுக்குள் வந்து சேர்ந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் நமது விளக்கெண்ணெய்க்கும் ஒரு கௌரவமான ஸ்தானம் இருக்கிறது. 1914-18 மகா யுத்தத்தில் பறந்த ஆகாய விமானங்கள் பலவற்றில், எஞ்சின் முழுவதுமே காற்றாடியோடு சேர்ந்து சுழலும். பெட்ரோலில் கரைந்து போகாத எண்ணெய் அதற்கு வேண்டியிருந்ததால், விளக்கெண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள். 'காஸ்ட்ரால்' என்ற பெயரிலேயே ஆமணக்கின் ஆங்கிலப் பெயர் ஒளிந்து கொண்டிருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். அந்த எஞ்சின்களில் ஆயில் மாற்றும் பிரச்னையே கிடையாது. ஊற்றிய எண்ணெய் ஒரு முறை உள்ளே போய் வந்து, அப்படியே காற்றில் சிதறி விடும். பின்னால் உட்கார்ந்திருந்த விமானி அந்தப் புகையைச் சுவாசித்துக் கொண்டு பறப்பார். அவருடைய வயிற்றின் கதி என்னவாகியிருக்கும் என்பதை, பாலாடையில் குடித்தவர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை.

தரையில் ஓடிய வண்டிகளில் அப்போது ஊற்றியதெல்லாம் எதுவும் கலக்காத சாதாரணக் கனிம எண்ணெய் வகை. அழுக்கைத் தாங்கும் சக்தி அதற்கு இல்லை. சேறு அடியில் தங்கி விடும். ஆகவே அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும்போது எஞ்சினைக் கழுவ வேண்டியும் இருந்தது. 1908 முதல் 1927 வரையில் அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு மாடல் டி வண்டியுடன் கொடுத்த புத்தகத்திலேயே, பழைய ஆயிலை வடித்த பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி, கையால் எஞ்சினைச் சுற்றிக் கழுவும்படி சொல்லியிருந்தது. நமது ஊர்ப் பட்டறைகளில் வெகு காலம் வரையில் மண்ணெண்ணெயும் டீஸலும் ஊற்றி எஞ்சினைக் கழுவி வந்த வழக்கத்தின் பூர்வோத்தரம் இதுதான். அந்தக் காலத்து எண்ணெய்க்கு அது நியாயமாகவே இருந்தது. பிறகு 1930-க்கு மேல், டீஸல் எஞ்சின்களில் பிஸ்டன் வளையங்கள் பிசின் பிடித்து ஒட்டிக்கொள்ளும் தொல்லை பெருத்தது. அதற்குப் பரிகாரமாகத்தான் சோப்புச் சரக்கை ஆயிலிலேயே கலந்தார்கள். அடுத்த இருபது முப்பது வருஷங்களில் மற்றச் சரக்குகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நோய்க்கு மருந்து ஆகாரத்திலேயே கலந்தாகி விட்டது. ஆனால், பழைய மண்ணெண்ணெய்க் குளியல் மட்டும் அழகான புட்டிக்குள் புகுந்து, நல்ல விலைக்கு மறு அவதாரம் எடுத்திருக்கிறது. இந்தப் புட்டிகள் பலவற்றில் முக்கியமாக இருப்பது மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய பந்துவான ஒரு கரைப்பான்தான்.

"சரி ஐயா, அவசியமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஊற்றினால் கெடுதல் என்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். நன்றாக ஓடுகிற, வேளா வேளைக்கு ஆயில் மாற்றிய எஞ்சினுக்கு அனேகமாக ஒரு கெடுதலும் இல்லை. பணம் போகும், அவ்வளவுதான். கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. எந்த எஞ்சினுக்கு இந்தப் பேதி மருந்து மிகவும் அவசியம் என்று தோன்றுகிறதோ, அந்த எஞ்சினுக்குத்தான் அது மிகவும் ஆபத்து. இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. பொள்ளாச்சியில் கண்ணால் பார்த்தோம்.

பொள்ளாச்சியில் நமக்கு ஒரு டாக்ஸிக்கார நண்பர் உண்டு. பத்து வருஷம் பிறர் வண்டியை ஓட்டிச் சம்பாதித்த பிறகு, சொந்தமாக ஒரு வண்டி வாங்கினார். பழைய டீஸல் வண்டி. மீட்டர் 1,40,000 கிலோ மீட்டர் காட்டியது. முன்னால் வைத்திருந்தவர் அதற்கு எப்போது ஆயில் மாற்றினார், என்ன ஆயில் ஊற்றினார், மாற்றினாரா என்பதே யாருக்கும் தெரியாது. ஆவணி மாதத்து முகூர்த்தங்கள் வருவதற்கு முன்னால் வண்டியைச் சீராக்கி விட வேண்டும் என்று நண்பருக்கு ஆசை. ஒரு பட்டறையில் கொண்டு போய் விட்டார். அவர்கள் ஆயில் மூடியைத் திறந்து, உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி கசடு அப்பியிருப்பதைக் காட்டினார்கள். அது வாஸ்தவமான கசடுதான். பிளஷ் புட்டியை ஊற்றிக் கால் மணி நேரம் எஞ்சினை ஓட விட்டு, வடித்து, புது ஆயிலும் புது பில்டரும் போட்டுக் கொடுத்தார்கள். எஞ்சின் சத்தம் பாதியாகக் குறைந்து விட்டது என்று நண்பர் வெகு உற்சாகமாக நமக்கு டெலிபோனில் சொன்னார்.

மூன்றாவது நாள், ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குப் புறப்பட்டார். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஏற ஆரம்பிக்கிறது. வால்பாறை போய்ச் சேருவதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் ஆயில் விளக்குச் சிவப்பாக எரிந்தது. நண்பர் நல்ல டிரைவர். அந்த விளக்கு எரிந்தால் ஒரு கெஜம் கூட ஓட்டக் கூடாது என்பதை அறிந்தவர். உடனே நிறுத்தினார். அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால், ஆயில் சரியான அளவில் நிறைய இருக்கிறது! விளக்குத்தான் கெட்டு விட்டதோ என்று ஒரு முறை எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிரயாணிகளை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கயிறு கட்டி இழுத்துக் கொண்டு இறங்கினார்.

வண்டியை இந்த முறை பழைய பட்டறைக்குக் கொண்டு போகவில்லை. சந்து ஒன்றில், புளிய மரத்தடியில், வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் அடிச் சட்டியை, அதாவது ஆயில் சம்பைக் கழற்றியபோது நாம் பக்கத்தில் இருந்தோம். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சிறு கம்பி வலை இருக்கிறது. அது அடியோடு மூடியிருந்தது. காப்பி பில்டரில் தூள் இறுகிப் போய், எவ்வளவு வெந்நீர் விட்டாலும் டிகாக்ஷன் சொட்டாமல் நிற்குமே, அந்த நிலைமை! பழைய ஆயிலைச் சம்பிலிருந்து வடித்தாகி விட்டது. ஆனால் மருந்து இளக்கி விட்ட கசடு முழுவதும் அத்துடன் வெளியே வந்து விடவில்லை. மேலே ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்த கட்டிகள் பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஆயிலோடு ஓடி வந்து, வலையில் போய் அப்பிக் கொண்டன. சம்ப் நிறைய ஆயில் இருந்தும் பம்புக்கு ஒரு சொட்டும் ஏறவில்லை.

"குப்பையைக் கிளறி விட்டா, அது எங்கயாச்சும் போயித்தானுங்களே ஆகோணும்?" என்றார் மெக்கானிக்.

பேரிங்குகளை மாற்ற வேண்டியிருந்தது. டர்போவும் ஆயில் இல்லாமல் காய்ந்து போயிருந்தது. எல்லாமாக எழுபதினாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. நண்பரின் மனைவியுடைய வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ஆவணி முகூர்த்தங்கள் எல்லாம் வேறு யாருடைய வண்டியிலோ நடந்தேறின. பிளஷ் ஊற்றிய பட்டறைக்காரர்கள், "வண்டி பழசு; எங்கள் மேல் தவறு இல்லை" என்று ஒரே வார்த்தையில் கையைக் கழுவி விட்டார்கள். வண்டி பழசுதான். பழசு என்று தெரிந்துதானே மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டால், அதற்குப் பதில் இல்லை.

அப்படியானால் கசடு பிடித்த எஞ்சினை என்ன செய்வது? புளிய மரத்தடி மெக்கானிக்கின் முறை இதுதான். முதலில் சம்பைக் கழற்றி, வலையையும் சட்டியையும் கையால் துடைத்துப் போட்டு விடுகிறார். பிறகு, வண்டிப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் அதே தரத்து ஆயிலை ஊற்றி, 1,500 கிலோ மீட்டரிலேயே பில்டரோடு சேர்த்து மாற்றி விடுகிறார். மறுபடி 3,000 கிலோ மீட்டரில் ஒரு முறை. அதற்கப்புறம் 5,000 கிலோ மீட்டருக்கு ஒரு முறை. ஆயிலில் இருக்கும் சீயக்காயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசடைக் கரைத்து, பில்டரில் கொண்டு போய்ச் சேர்த்து விடுகிறது. மெதுவாகத்தான் நடக்கும். பிளஷ் புட்டியை அவர் ஒரேயடியாக வெறுப்பவரும் அல்ல; வளையம் ஒட்டிக்கொண்டு ஆயில் குடிக்கும் எஞ்சினுக்கு எப்போதாவது உபயோகிப்பதுண்டாம். ஆனால் அதற்குப் பிறகு சம்பைக் கழற்றிப் பாராமல் வண்டியை வெளியே விடுவதில்லை. அப்படிக் கழற்றிப் பார்க்கும் சிரமத்தை ரூ.800 புட்டியை விற்பவர் எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

கசடு என்பது ஏழை எளிய பழைய வண்டிகளுக்கு மட்டும் வருகிற வியாதி என்றும் நினைக்க வேண்டாம். டொயோட்டா கம்பெனியார் 1997 முதல் 2002 வரையில் செய்த சில எஞ்சின்களில் கசடு கட்டுவதாகப் புகார்கள் வந்தன. 2002-ஆம் வருஷத்தில், சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு அந்தக் கம்பெனியார் விசேஷப் பாதுகாப்பு அறிவிக்க வேண்டியதாயிற்று. சொந்தக்காரர்கள் காலத்தில் ஆயில் மாற்றவில்லை என்று கம்பெனி சொல்லிற்று. காலத்தில்தான் மாற்றினோம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். இதிலிருந்து ஆயில் மாற்றும் காலம் என்ற விஷயத்துக்கு வருகிறோம். இதுதான் உண்மையில் யோசிக்க வேண்டிய விஷயம்.

அமெரிக்காவில் 3,000 மைலுக்கு ஒரு முறை, அதாவது 4,800 கிலோ மீட்டருக்கு ஒரு முறை, ஆயில் மாற்ற வேண்டும் என்பது வெகு காலம் வரையில் வேத வாக்காக இருந்தது. 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற பத்திரிகையார் இதைச் சோதித்துப் பார்க்க எண்ணி, நியூயார்க் நகரத்தில் 75 டாக்ஸிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் 60,000 மைல் ஓடிய பிறகு எஞ்சினைப் பிரித்து அளந்து பார்த்தார்கள். 1996-ஆம் வருஷத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். 3,000 மைலுக்கு ஒரு முறை ஆயில் மாற்றிய வண்டிக்கும், 6,000 மைலுக்கு ஒரு முறை மாற்றிய வண்டிக்கும் தேய்மானத்தில் சொல்லத் தக்க வித்தியாசம் இல்லை. ஆயிலோடு கலக்கும் சில பிரபல மருந்துகளையும் அந்தச் சோதனையில் சேர்த்திருந்தார்கள். அவற்றாலும் ஒரு பிரயோஜனமும் தென்படவில்லை. அதே வருஷத்தில் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன், 'ஸ்லிக் 50' என்ற ஆயில் மருந்தின் விளம்பரங்கள் ஆதாரமற்றவை என்று வழக்குத் தொடர்ந்தது. 1997-இல் அந்த விளம்பரங்களை நிறுத்துவதற்குக் கம்பெனியார் ஒப்புக் கொண்டார்கள்.

இந்த டாக்ஸிச் சோதனையைப் படித்துவிட்டுச் சிலர், "பார்த்தீர்களா! அடிக்கடி ஆயில் மாற்றுவது வீண்!" என்று சொல்லுகிறார்கள். டாக்ஸியின் வாழ்க்கை வேறு, நமது வண்டியின் வாழ்க்கை வேறு என்பதை அவர்கள் மறந்து விடுகிறார்கள். நியூயார்க் டாக்ஸி காலையில் ஒரு முறை கிளம்பினால் நாள் முழுதும் சூடாறாமல் ஓடுகிறது. நமது வண்டியோ? காலையில் கறிகாய்க் கடைக்கு இரண்டு கிலோ மீட்டர். சாயங்காலம் கோயிலுக்கு இரண்டரை கிலோ மீட்டர். நடுவில் ஆழ்ந்த நித்திரை. இம்மாதிரி சொகுசாக வைத்திருக்கிற வண்டிக்கு ஆயில் கெடாது என்று நினைப்பது இயற்கைதான். விஷயம் நேர் விரோதமாக இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும் பகுதி ஆவியாகப் புகைக் குழாய் வழியே போய் விடுகிறது. ஆனால் சொற்ப பாகம் பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே இறங்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறி விடும். கறிகாய்க் கடைக்குப் போய் வருவதற்குள் ஆயில் எங்கே சூடேறுகிறது? தண்ணீரும் பெட்ரோலும் அமிலமும் அதிலேயே தங்கி, ஆயிலில் இருக்கும் சரக்குகளைச் சாப்பிட்டு விடுகின்றன. ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் மாதிரி ஒரு படலம் ஒட்டியிருந்தால் பல சமயம் இந்தத் தண்ணீர்தான் காரணம். அப்படலம் நாலு நாள் நெடுந்தூரம் ஓட்டியும் மறையாவிட்டால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கிலோ மீட்டர் கணக்கே பட்டணத்தில் ஒரு பெரிய மோசடி. சாலையில் நெருக்கடியில் வண்டி நிற்கும்போது மீட்டர் நின்று விடுகிறது, எஞ்சின் நிற்பதில்லை. மணிக்குச் சராசரி 60 கிலோ மீட்டர் வீதம் வெளியூர்ச் சாலையில் 10,000 கிலோ மீட்டர் ஓடிய எஞ்சின் சுமார் 167 மணி நேரம்தான் வேலை செய்திருக்கும். சென்னை அண்ணா சாலையில் சராசரி 15 கிலோ மீட்டர் வேகத்தில் ஊர்ந்து அதே 10,000 கிலோ மீட்டரை முடித்த எஞ்சினோ 667 மணி நேரம் உழைத்திருக்கிறது. நாலு பங்கு உழைப்பு. மீட்டரில் ஒரே கூலி!

வண்டிக் கம்பெனியார் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல. இக்காலத்துப் பெட்ரோல் வண்டிகள் பலவற்றின் புத்தகத்தில், 10,000 கிலோ மீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்தியோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று இருக்கும். அந்தப் பக்கத்தோடு படிப்பதை நிறுத்தி விடுகிறோம். இன்னும் சில பக்கங்கள் புரட்டினால், கடின உபயோகம் என்ற தலைப்பில் ஒரு சிறு அட்டவணை கிடைக்கும். குறுகிய தூரம் ஓட்டுவது, தூசி நிறைந்த சாலை, நின்று நின்று போவது, அதிக நேரம் நிற்கும்போது எஞ்சினை ஓட விடுவது, பாரம் ஏற்றுவது என்றெல்லாம் எழுதி, இப்படிப்பட்டவர்கள் சீக்கிரமாகவே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கும். நமது ஊரில் இந்த அட்டவணைக்கு வெளியே வாழும் வண்டி எது என்று நமக்குத் தெரியவில்லை.

நாம் என்ன செய்கிறோம் என்று சொல்லி விடுகிறோம். நமது வண்டி வருஷத்துக்கு 4,000 கிலோ மீட்டருக்கு மேல் போவதில்லை. இருந்தும் வருஷத்தில் இரண்டு முறை, தையிலும் ஆடியிலும், ஆயிலும் பில்டரும் மாற்றுகிறோம். மூன்றரை லிட்டர் நல்ல ஆயிலும் பில்டரும் வாங்குவதற்கு ஆகும் செலவு, அந்த இளைஞர் நீட்டிய மூன்று புட்டிகளின் விலைக்கு ஏறக்குறைய சமம். புட்டிகளைத் தள்ளிவிட்டு அந்த ரூ.2,100-ஐ இரண்டாவது ஆயில் மாற்றத்துக்கு வைத்துக்கொண்டோம். தரத்தில் மட்டும் பட்டறைக்காரரின் யோசனைக்கு இடம் கொடுப்பதில்லை. "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் ஸார் நல்லது" என்பார்கள். 2014-இல் உற்பத்தி நின்று போன அம்பாஸிடர் வண்டிக்கு அது பொருந்தலாம். இக்கால எஞ்சின்களில் ஆயில் ஓடும் சந்துகள் மிகக் குறுகலானவை. புத்தகத்தில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதுவே சரி. மாதம் ஒரு முறை, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு அளவுக் கம்பியைப் பார்க்கிறோம். அளவு குறைந்தாலும் கவலைப்பட வேண்டும். ஊற்றாமலே கூடினாலும் கவலைப்பட வேண்டும், ஏனெனில் கூடியிருப்பது பெட்ரோலாகவோ தண்ணீராகவோ இருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீஸல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்து கொண்டிருக்கையில் பாதியில் எஞ்சினை நிறுத்தி நிறுத்தி எடுத்தால், டீஸல் இறங்கி ஆயில் மட்டம் ஏறுவது உண்டு.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை மாமல்லபுரம் வரையில் ஒரு நீண்ட ஓட்டம் விட்டுத் தண்ணீரை ஆவியாக்கி விடுகிறோம். எஞ்சினின் ஆரோக்கியத்துக்காகவே இந்தப் பிரயாணம் என்று நாம் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் வீட்டில் யாரும் நம்புவதில்லை. ஆனால் எல்லாருக்கும் முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்து விடுகிறார்கள்.

பெட்ரோல் டாங்கியில் ஊற்றும் மூன்றாவது புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை மற்ற இரண்டோடு சேர்த்து அடியோடு தள்ளி விடுவது நியாயமாகாது. பாலிஈதர் அமீன் என்ற சரக்கு உள்ள புட்டிகள், இன்ஜெக்டரிலும் வால்விலும் படிந்த பிசினை நிஜமாகவே கரைக்கின்றன. எஞ்சின் தடுமாறினால், நிறுத்தி வைத்து ஓட்டும்போது நடுங்கினால், ஒரு புட்டி ஊற்றிப் பார்ப்பதில் பிழையில்லை. ஆனால் புதிய மாதிரிகள் சிலவற்றில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. அவற்றில் உள்ளே வரும் வால்வின் முதுகைப் பெட்ரோல் தொடுவதேயில்லை. தொடாத இடத்தை டாங்கியில் ஊற்றும் மருந்து எப்படிக் கழுவும்? அந்த வண்டிக்காரர்களிடமும் அதே புட்டியைத்தான் விற்கிறார்கள்.

பொள்ளாச்சி நண்பரின் வண்டி இப்போது இரண்டு லட்சம் கிலோ மீட்டரைத் தாண்டி ஓடுகிறது. ஆயில் மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒரு பழைய டயரியில் எழுதி, முருகன் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார். வளையல்களை மீட்டு விட்டாராம். வட்டி மட்டும் போயிற்று.

நமது வண்டியிலிருந்து வடித்த ஆயில் விஷயம் பாக்கியிருக்கிறது. அதில் ஈயமும் பித்தளைப் பொடியும் கூடக் கலந்திருக்கலாம்; சாக்கடையில் ஊற்றினால் நிலத்தடி நீருக்குக் கேடு. 2016-ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளின்படி, உபயோகித்த ஆயிலைப் பதிவு பெற்ற மறு சுத்திகரிப்பாளர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆகையால், பட்டறையில் அதற்கென்று வைத்திருக்கும் பீப்பாயில் நம் கண் முன்னாலேயே ஊற்றச் சொல்லி விட்டுத்தான் திரும்புகிறோம். நமது தெருக் கோடியில் வீடு கட்டுகிற மேஸ்திரி, சென்ட்ரிங் பலகைகளில் பூசுவதற்கு அந்தக் கறுப்பு ஆயில் வேண்டும் என்று இரண்டு முறை கேட்டு விட்டார். "மூன்றரை லிட்டர் கறுப்பு எண்ணெயில் கூட உங்களுக்கு இவ்வளவு கணக்கா, ஸார்?" என்று அவருக்கு நம் மேல் சற்று வருத்தம்தான்.